இடதுபக்கக் கதவின் கைப்பிடி

சனிக்கிழமை காலையில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அதை முதலில் பார்த்தேன். முன்சீட்டின் இடதுபக்கக் கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்த ஒரு கைப்பிடி உண்டு. அதன்மேல் மஞ்சள் துணியை ஓட்டியபோது துணி வழுக்கிப் போகாமல் பிடித்து நின்றது. எடுத்துப் பார்த்தால், சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு துணியோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு உதட்டில் தோல் உரியுமே, அந்த மாதிரி. அது போன இடத்தில் கறுப்பாகத் தெரிந்தது. விரலை வைத்தேன். பிசுபிசுத்தது.

வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சீட்டுகளின் பிளாஸ்டிக் உறையையே சமீபத்தில்தான், விடுமுறைக்கு வந்த மகள் என்னோடு சண்டை போட்டுக் கிழித்து எறிந்திருந்தாள். உள்ளே இன்னும் புது வண்டி வாசனை முழுசாகப் போகவில்லை. அதற்குள் உரிகிறது என்றால் எனக்குத் தாங்கவில்லை. அந்த வண்டியை நான் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். பள்ளிக்கூடம் அஞ்சுகிராமத்தைத் தாண்டிக் கடலோரம் இருக்கிறது. வீடு நாகர்கோவிலில். வடசேரியில் ஒரு பஸ், இடையில் ஒரு பஸ் என்று சில வருஷம் அலைந்தபிறகு, நாற்பத்தாறு வயதில் டிரைவிங் படித்தேன். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில். வீட்டில் நானும் மாமாவும்தான். மாமா என்றால் என் மாமனார். அத்தை போனபிறகு எங்களோடு வந்தவர்.

மாமா அரசுப் பஸ்ஸில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். கண்ணில் பிரஷர் என்று டாக்டர் சொன்னபிறகு சைக்கிளைக்கூடத் தொட்டதில்லை. ஷோரூமில் சாவி வாங்கின அன்றைக்கு, நான் நடுங்கிக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார, அவர் சாவகாசமாக வந்து பக்கத்து சீட்டில் ஏறினார். அன்றிலிருந்து அது அவருடைய இடம். தினமும் நான் பள்ளிக்கூடம் போகும்போது அவரையும் ஏற்றிக்கொண்டு வடசேரியில் இறக்கிவிடுவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் பழைய டிரைவர், கண்டக்டர் ஆட்கள் கூடுவார்கள். மத்தியானம் டவுன் பஸ்ஸில் திரும்பி வருவார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் காரில் ஆலயத்துக்குப் போவோம்.

நான் வண்டி ஓட்டுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கியரைத் தப்பாகப் போட்டு வண்டி குதிரை மாதிரி துள்ளினால்கூட நேரே பார்த்துக்கொண்டு இருப்பார். ஒருநாள் நானே கேட்டேன்.

"மாமா, எப்படி ஓட்டுகேன்? ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய?"

"வண்டி ஓட்டுக ஆளுகிட்ட பேசப்படாது மக்ளே. பஸ்ஸுல எழுதியே போட்டிருக்கும் பாத்தியா?"

அதை நான் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவ்வளவு அனுபவம் உள்ளவர் பேசாமல் இருக்கிறார் என்றால் நாம் ஓட்டுவது சரியாகத்தான் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடமும் சொல்லி வைத்தேன்.

உரிந்த இடம் நாளாக நாளாகப் பெரிதானது. அடுத்த சர்வீசுக்குப் போனபோது காட்டினேன். சர்வீஸ் சென்டரில் வாடிக்கையாளர்களைக் கவனிக்க ஒரு இளம்பெண் இருந்தாள். மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளை. பேசினால் பாடுவது மாதிரி இருக்கும். கைப்பிடியை ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல சானிடைசர், சென்ட் ஏதாவது பட்டுதா மேடம்? கெமிக்கல் பட்டா இந்த கோட்டிங் இளகும் கேட்டேளா" என்றாள்.

"நான் கெமிஸ்ட்ரி டீச்சர்மா. எது எது மேல படலாம், படக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

அவள் சிரித்துவிட்டு போட்டோ எடுத்து மேலே அனுப்பினாள். கொஞ்ச நாளில் வாரண்டியில் புதுக் கைப்பிடி வந்தது. மாட்டிக்கொண்டு வந்து மாமாவிடம் காட்டினேன். "நல்லதாச்சு" என்று சொல்லிவிட்டுப் புதுக் கைப்பிடியைப் பிடித்துக் கதவைச் சாத்தினார்.

சித்திரை வெயில் தொடங்கியபோது மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை இன்னும் மோசம். சாம்பல் பூச்சு தண்ணீரில் ஊறின காகிதம் மாதிரி சுருண்டு சுருண்டு வந்தது. எங்கே தொட்டாலும் ஒட்டியது. என் வெள்ளைச் சேலையில் ஒருநாள் கறை பட்டுத் துவைத்தும் போகவில்லை.

மறுபடி போனேன். அந்தப் பெண் நான்கு கதவுகளையும் திறந்து பார்த்தாள். பின்பக்கக் கதவுகளில் ஒன்றும் இல்லை. என் பக்கக் கதவிலும் இல்லை.

"கம்பெனி தப்புன்னா நாலும் போகணும் மேடம். இது ஒரே கதவுல, அதுவும் மாத்துன பீசு. ரெண்டாவது தடவ அனுப்புனா அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வகுப்பில்கூட நான் அவ்வளவு சத்தமாகப் பேசுவதில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். காத்திருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. நான் முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பக்கம் யாரு மேடம் இருப்பாங்க?"

"எங்க மாமா. வயசானவர். பாவம், கதவைத் தொறந்து இறங்குறதத் தவிர ஒண்ணும் செய்ய மாட்டார்."

அவள் திறந்த கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். நானும் வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சுசீந்திரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு மாமாவோடு போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் வயல். முன்னால் போன வேன் ஒன்று சிக்னல் எதுவும் போடாமல் ஓரமாக நிறுத்த, நான் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். இடித்துவிடவில்லை. வேன்காரன் கையைக் காட்டிவிட்டு இறங்கி இளநீர்க் கடைக்குப் போனான். மாமாவுக்கு ஏதாவது ஆயிற்றோ என்று திரும்பிப் பார்த்தேன்.

அவர் முகம் ஆலயத்தில் பிரசங்கம் கேட்கிற முகம் மாதிரி அமைதியாக இருந்தது. ஆனால் இடதுகை கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் மூட்டுகள் வெளுத்து, புறங்கை நரம்பெல்லாம் எழுந்து நின்றன. வலதுகால் தரையை ஊன்றி மிதித்துக்கொண்டிருந்தது. வண்டி நின்று சிறிது நேரம் ஆகியும் கையும் காலும் இளகவில்லை. வெயில் அந்தப் பக்கக் கதவில் அடித்ததில் கற்பூரமும் நல்லெண்ணெயும் கலந்த தைல வாசனை எழுந்து வந்தது.

அந்த வாசனை எங்கள் வீட்டின் காலை வாசனை. பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்துப் பஸ்ஸை ஓட்டி ஓட்டி மாமாவின் விரல் மூட்டுகள் தேய்ந்துபோயிருந்தன. தினமும் குளித்ததும் வைத்தியசாலைத் தைலத்தை இரண்டு கையிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு, அது ஊறுவதற்கு முன்னாலேயே வந்து காரில் ஏறுவார். கற்பூரத் தைலமும் எண்ணெயும் எதையெல்லாம் இளக்கும் என்று வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிற நான், பக்கத்து சீட்டில் நடந்ததைப் பார்க்கவில்லை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடக்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன். சுசீந்திரம் தேர் வீதியில் திரும்பும்போது சிரிப்பு போய்விட்டிருந்தது. தைலம் மட்டும் பூச்சை இப்படி உரித்திருக்காது. இறுக்கிப் பிடித்த பிடியும் சேர்ந்துதான் உரித்திருக்கிறது. அப்படியானால் இந்த மனிதர் தினமும் காலையில் என் பக்கத்தில் பயந்துகொண்டே உட்கார்ந்து வந்திருக்கிறார். நான்தான் அதைப் பாராட்டு என்று நினைத்திருக்கிறேன்.

அவரிடம் எதையும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் கூசிப்போவார். பழைய டவல் ஒன்றை வெட்டி, எலாஸ்டிக் வைத்துத் தைத்து, கைப்பிடிக்கு ஒரு உறை போட்டேன். மறுநாள் ஏறினதும் அவர் கை அதைத் தடவியது.

"என்னது மக்ளே இது?"

"வெயிலுக்கு சூடாவுகுல்லா மாமா. கை பொள்ளாம இருக்கட்டுன்னு போட்டேன்."

அவர் தலையாட்டினார். ஆனால் ஓர் ஆயுசு முழுக்க ஒரு வண்டியின் ஒவ்வொரு சத்தத்தையும் கவனித்தவரிடம் அந்தப் பொய் எத்தனை நாள் நிற்கும்? இரண்டொரு நாள் கழித்துப் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தும்போது பார்த்தேன். உறை பாதி சுருட்டப்பட்டிருந்தது. அதன் அடியில், அவர் விரல்கள் பிடிக்கிற இடத்தில், நான்கு கறுப்புப் பட்டைகள் தெரிந்தன. உரித்தது தன் கைதான் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் மாமா பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தார்.

"முன்னால வாங்க மாமா."

"வேண்டாம் மக்ளே. இஞ்ச காலு நீட்டி இருக்கலாம்."

வாடகைக் கார் ஓட்டுகிற மாதிரி அவரைக் கொண்டுபோய் வடசேரியில் இறக்கினேன். டீக்கடை நண்பர்கள் அதைப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்திருக்க வேண்டும். அதற்கடுத்த நாள், எனக்கு முன்பே கிளம்பிப் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. நான் காரில் ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். வாசலில் நின்ற சபை ஆட்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, என்னோடு பாட்டுக்குழுவில் பாடுகிற அக்கா ஒருத்தி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமாவுக்கும் ஒனக்கும் என்னட்டி பிணக்கு?"

"ஒரு பிணக்கும் இல்லக்கா."

"பின்ன வீட்டுல காரு நிக்க, அவ்வோ பஸ்ஸுல வாறாவ?"

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் இருந்தன. அவருக்குப் பிடித்த சாப்பாடு. ஆனாலும் கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"மாமா, நான் ஓட்டுகது ஒங்களுக்குப் பயமா இருக்கா?"

அவர் நிமிரவில்லை. முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"ஒன் வண்டிய நாசமாக்கிப் போட்டேன்லா."

"வண்டி கிடக்கட்டும். நான் கேட்டதுக்குச் சொல்லுங்க."

இன்னொரு முள்ளை எடுத்து வைத்தார். பிறகு, "நீ நல்லாத்தான் ஓட்டுக" என்றார். "எனக்குத்தான் அந்தப் பக்கம் இருந்து பழக்கம் இல்ல. பஸ்ஸுன்னா பின்னால அம்பது அறுவது சனம் இருக்கும். கண்ணு ரோட்ட விட்டு மாறப்படாது, காலு பிரேக்க விட்டு மாறப்படாது. அப்படியே இருந்தாச்சு. இப்பம் கண்ணும் தெளிவா இல்ல. ஏதோ ஒண்ணு குறுக்க வாறது மாதிரி இருக்கும். அது நிழலா, ஆளான்னு தெரியாது. நீ பிரேக்க சவிட்டுகதுக்கு முன்னால என் காலு சவிட்டும். பிரேக்கு இல்லாத எடத்துல சவிட்டி என்ன செய்ய? கை போய்ப் பிடிக்கும். பிடிச்சது எனக்கே தெரியாது மக்ளே."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ பதறுவ. புதுசா ஓட்டுகவ. பதறினாத்தான் இடிக்கும்."

எழுந்துபோய் இன்னும் கொஞ்சம் கறி கொண்டுவந்து அவர் தட்டில் ஊற்றினேன். வேண்டாம் என்று கை காட்டினார். பிறகு முழுவதையும் சாப்பிட்டார்.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க வீட்டுலயும் அப்பா அப்படித்தான் மேடம், நான் ஸ்கூட்டர் ஓட்டுனா பின்னால இருந்து என் தோள நுள்ளிப் பிடிப்பாரு" என்றாள். இனி வாரண்டியில் கிடைக்காது என்றும், பூச்சை முழுவதும் எடுத்துவிட்டால் அடியில் நல்ல கெட்டியான கறுப்புப் பிளாஸ்டிக் இருக்கிறது, அதில் எந்தத் தைலமும் ஒன்றும் செய்யாது என்றும் சொன்னாள்.

சனிக்கிழமை வண்டியை முற்றத்து மாமரத்தின் அடியில் நிறுத்தி, மெடிக்கல் ஷாப்பில் வாங்கின சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் பழைய பனியன் துணியுமாக உட்கார்ந்தேன். கதவைத் திறந்துபோட்டு, துணியை நனைத்துக் கைப்பிடியில் சிறிது நேரம் சுற்றி வைத்துவிட்டுத் தேய்த்தால், பூச்சு கறுத்த அழுக்குருண்டைகளாகத் திரண்டு வந்தது. மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே போட்டார்.

"நீங்க தொடாதிய மாமா. கை எரியும்."

"எரியுகதுக்கு இந்தக் கையில என்ன மிச்சம் இருக்கு? கையில போடுக உறை இருந்தாத் தா."

லேபில் இருந்து கொண்டுவந்த கையுறைகளைக் கொடுத்தேன். அவருடைய வீங்கிய மூட்டுகளுக்கு அவை ஏறவே இல்லை. வெறும் கையோடு துணியை வாங்கிக்கொண்டார். நான் மேல்பக்கம் தேய்க்க, அவர் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தை விரலால் துழாவித் துழாவித் தேய்த்தார். வேலை நடக்கும்போது அவர் பேசிக்கொண்டே இருந்தார். களியக்காவிளை ரூட்டில் மழைக்காலத்தில் ஓட்டியது, வைப்பர் நின்றுபோய்க் கண்டக்டர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தது, திருமணமான புதிதில் அத்தையை ஏற்றிக்கொண்டு போனபோது அவள் டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று கண்டக்டரிடம் சண்டை போட்டது. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் தொடர்ந்து இவ்வளவு பேசியதே இல்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது கைப்பிடி ஈரக் கருங்கல் மாதிரி பளபளவென்று இருந்தது. மற்ற மூன்று கதவுகளின் கைப்பிடிகளும் சாம்பல், அது ஒன்று மட்டும் கறுப்பு.

"இனி பேசணும் மாமா" என்றேன். "பயம் வந்தா வாயத் தொறந்து சொல்லணும்."

"சொன்னா ஒனக்குக் கோவம் வரும்."

"வரட்டும்."

வந்தது. அடுத்த வாரம் முழுக்க எனக்குக் கோபம்தான். "ஏ மக்ளே, அவன் திரும்புவான் பாரு." "பைய, பைய." "கியர மாத்து." "லாறி பின்னால இவ்வளவு ஒட்டப்படாது." இத்தனை நாள் உள்ளே வைத்திருந்தது எல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. ஒருநாள் ஒழுகினசேரிப் பாலம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

"அப்பம் நீங்களே ஓட்டுங்க."

"கண்ணு இருந்தா ஓட்டுவேன்" என்றார்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் இன்ஜினை அணைத்தேன். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்துபோயின. பிறகு அவரே ஒரு ஏற்பாடு சொன்னார்.

"வலத்த நீ பாத்துக்க. இடத்த மட்டும் நான் சொல்லுகேன். நிழலோ ஆளோ, எது வந்தாலும் சொல்லுவேன். நீ பாத்து முடிவு செய்."

அது எங்களுக்குச் சரியாக அமைந்தது. எனக்கு இடதுபக்கம் எப்போதும் குழப்பம்தான். அவர், "சைக்கிள் வாறான்... போயிட்டான்... ரைட்" என்பார். அந்த 'ரைட்'டில் கண்டக்டர் குரல் வந்துவிடும். கை சில நாள் மடியில் இருக்கும், சில நாள் கைப்பிடியில் இருக்கும். நான் பார்ப்பதில்லை.

இந்தக் கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மழைக்காலம் கழிந்து ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து வண்டியை விட்டு இறங்கும்போது, என் உள்ளங்கையில் ஏதோ ஒட்டியது. சாம்பல் நிறத் துணுக்கு. என் பக்கக் கதவின் கைப்பிடியில் இருந்து வந்தது. என் கையில் தைலம் ஏது? பின்கதவுகளைத் திறந்து பார்த்தேன். யாருமே உட்காராத வலதுபக்கப் பின்கதவிலும் ஓரத்தில் பூச்சு எழும்பிக்கொண்டிருந்தது.

சர்வீஸ் சென்டரில் அந்தப் பெண் என்னைப் பார்த்ததுமே இரண்டு கையையும் கூப்பினாள்.

"மேடம், ஒங்களுக்கு போன் பண்ணணும்னே இருந்தேன். இந்த மாடல்ல ஒருவாடு வண்டியில இதே பிரச்சினை. கடல்காத்தும் வெயிலும் பட்டா கோட்டிங் நிக்கல்ல. கம்பெனியே மாத்திக் குடுக்கச் சொல்லிட்டாங்க."

"அப்பம் தைலம்?"

"தைலம் கொஞ்சம் முந்தி கூட்டிட்டு வந்திருக்கும். அவ்வளவுதான்."

மூன்று கதவுகளுக்கும் புதுக் கைப்பிடி போட்டுத் தந்தார்கள். நாங்கள் தேய்த்து எடுத்ததை மட்டும், நாமே கை வைத்துவிட்டோம் என்பதால், மாற்ற முடியாதாம். நானும் வற்புறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். செய்தித்தாளைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துத் தலைப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்க போறிய மாமா? சாயந்திரம் ஆச்சுலா."

"வடசேரிக்குத்தான். கடையில அவனுவகிட்ட ஒண்ணு சொல்லணும். தைலத்தப் போட்டு மருமவ காரை உரிச்சவன்னு என்னை எவ்வளவு கேலி பேசினானுவ தெரியுமா?"

"நாளைக்குக் காலையில சொல்லலாமே."

"நாளைக்கு வர எவன் இருக்கான், எவன் இல்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் இறங்கினேன்.